பிரகாஷ் அமிர்தராஜ் இந்தியாவுக்காக ஆடிய ஆண்டுகள்

2008 ஜூலையில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள நியூபோர்ட் நகரில், புல்தரையில் நடந்த ஏடிபி (ஆடவர் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) போட்டியின் இறுதி ஆட்டத்தில் பிரகாஷ் அமிர்தராஜ் பிரான்சின் ஃபப்ரிஸ் சாந்தோரோவிடம் 6–3, 7–5 என்ற கணக்கில் தோற்றார். ஆட்டப் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இந்தியாவின் கொடி இருந்தது. ஏடிபி போட்டி ஒன்றின் ஒற்றையர் இறுதிவரை ஓர் இந்தியர் வருவது எவ்வளவு அரிது என்பதை இந்திய டென்னிஸைப் பின்தொடர்பவர்கள் அறிவார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஒன்றிய விளையாட்டு அமைச்சகம், இந்தியக் குடிமக்களாக இல்லாதவர்கள் இனி தேசிய அணிகளில் இடம்பெற முடியாது என்று ஆணையிட்டது. அந்த ஆணையால் பாதிக்கப்படுவோர் என்று அன்றைய செய்திகளில் அடிபட்ட பெயர்களில் ஒன்று பிரகாஷ் அமிர்தராஜ். ஒரு விளையாட்டு வீரரின் மிகச் சிறந்த வாரமும், 'நீங்கள் எங்களுடையவர் அல்ல' என்று அரசு சொன்ன நாளும் ஒரே ஆண்டில், ஐந்து மாத இடைவெளியில் வந்து விழுந்திருக்கின்றன.

பூர்வீக நாட்டுக்காக ஆடும் புலம்பெயர் வீரர்களைப் பற்றிப் பேசும்போது நம் ஊடகங்களுக்கு இரண்டே பாவனைகள்தாம் தெரியும். ஒன்று, இரத்தம் அழைத்தது என்ற உருக்கம். மற்றொன்று, அங்கே இடம் கிடைக்காததால் இங்கே வந்தார் என்ற ஏளனம். பிரகாஷின் விளையாட்டு வாழ்வை இந்த இரண்டில் எதற்குள்ளும் அடைக்க முடியாது என்பதே அதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம்.

அவர் 1983 அக்டோபர் 2 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். தந்தை விஜய் அமிர்தராஜ், மதராஸ்காரர். தாய் சியாமளா, இலங்கைத் தமிழர். விஜய், ஆனந்த், அசோக் என்ற மூன்று சகோதரர்களும் விம்பிள்டன் வரை சென்று ஆடிய குடும்பம் அது. அவர்களை ஆட்டக்களத்துக்கு அனுப்பிய தாய் மேகி அமிர்தராஜ் சென்னையில் அட்டைப்பெட்டித் தொழில் நடத்தியவர். விஜய் 1973-இலும் 1981-இலும் விம்பிள்டன் காலிறுதி வரை சென்றார் என்பதைவிட, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் அவர் செய்தவையே இந்தியர்களின் நினைவில் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. 1974-இல் இந்தியா இறுதிக்கு முன்னேறியது. எதிரணி தென்னாப்பிரிக்கா, நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். இந்தியா ஆட மறுத்து, கோப்பையை ஆடாமலே விட்டுக்கொடுத்தது. விஜயும் ஆனந்தும் வென்றிருக்கக்கூடிய கோப்பை அது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1987-இல், சிட்னியில் ஆஸ்திரேலியாவை அரையிறுதியில் வீழ்த்தி இந்தியா மீண்டும் இறுதிக்குச் சென்று, கோதன்பர்க் நகரில் சுவீடனிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் தோற்றது. அப்போது விஜய்க்கு முப்பத்து நான்கு வயது, பிரகாஷுக்கு நான்கு. கலிபோர்னியாவில் வீடு கட்டிக்கொண்ட பிறகும் தந்தை இந்தியாவுக்காக மட்டுமே ஆடிக்கொண்டிருந்தார் என்பதை அந்தச் சிறுவன் மிக இளம் வயதிலேயே பார்த்து வளர்ந்திருப்பான்.

டென்னிஸில் ஒரு வீரர் எந்த நாட்டைச் சேர்ந்தவர் என்பது எதைத் தீர்மானிக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்; கால்பந்தையோ கிரிக்கெட்டையோ மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடாது. ஆண்டின் பெரும்பாலான வாரங்களில் டென்னிஸ் வீரர் யாருக்காகவும் ஆடுவதில்லை. தன் செலவில் பயணம் செய்து, தன் செலவில் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு, தன் தரவரிசைக்காக ஆடுகிறார். பரிசுத் தொகை எல்லாக் கொடிகளுக்கும் ஒன்றுதான். நாட்டின் பெயர் சில இடங்களில்தான் கணக்குக்கு வருகிறது: டேவிஸ் கோப்பை, ஒலிம்பிக், ஆசிய விளையாட்டுப் போட்டிகள், பிறகு சொந்த நாட்டில் நடக்கும் போட்டிகளில் தரவரிசை போதாதவர்களுக்கு அமைப்பாளர்கள் வழங்கும் வைல்டு கார்டுகள். முதல் ஐம்பது இடங்களுக்குள் இருப்பவருக்கு இவை அலங்காரம். நூற்றைம்பதுக்கும் முந்நூறுக்கும் இடையே, சேலஞ்சர் போட்டிகளிலும் அதற்குக் கீழே ஃபியூச்சர்ஸ் போட்டிகளிலும் விமானக் கட்டணத்தைத் தேற்றுவதே பாடாக இருக்கும் ஒருவருக்கு இவைதான் வாழ்வாதாரம்.

பிரகாஷ் அந்த இடைப்பட்ட வரிசைக்காரர். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணிக்கு ஆடி, அமெரிக்காவின் கல்லூரி டென்னிஸ் வழியாக வந்தவர். அவர் தொழில்முறை வீரரான காலத்தில் அமெரிக்க டேவிஸ் கோப்பை அணியில் ஆண்டி ராடிக், ஜேம்ஸ் பிளேக், பிரையன் சகோதரர்கள் என்று ஒரு கோட்டையே இருந்தது. அந்த அணி 2007-இல் கோப்பையையும் வென்றது. உலகத் தரவரிசையில் 154-ஆம் இடத்தைத் தாண்டி மேலே செல்லாத ஒருவருக்கு அந்த அணியில் கதவு திறந்திருக்க வாய்ப்பே இல்லை. இந்தியாவிலோ பத்தொன்பது வயதிலேயே அவருக்கு இடம் கிடைத்தது. 2003-இல் இந்திய டேவிஸ் கோப்பை அணியில் சேர்ந்தார்.

இதை மட்டும் எடுத்துக்கொண்டு, வசதி பார்த்து வந்தவர் என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. இந்தியாவின் தேவையையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். அன்றைய டேவிஸ் கோப்பை மூன்று நாள் போர்: வெள்ளியன்று இரண்டு ஒற்றையர், சனியன்று ஓர் இரட்டையர், ஞாயிறன்று மீண்டும் இரண்டு ஒற்றையர், எல்லாம் ஐந்து செட் ஆட்டங்கள். இந்தியாவிடம் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் இருந்தார்கள். டேவிஸ் கோப்பை இரட்டையரில் தொடர்ச்சியாக இருபதுக்கும் மேற்பட்ட வெற்றிகளைக் குவித்த ஜோடி அது. ஆகவே சனிக்கிழமைப் புள்ளி ஏறக்குறையப் பையில் இருந்தது. மீதி நான்கு ஒற்றையர் ஆட்டங்களில் இரண்டை வெல்ல ஆள் இல்லை. ரமேஷ் கிருஷ்ணனுக்குப் பிறகு பயஸ் ஒருவரே தன் தரவரிசைக்கு மீறிய ஆட்டங்களால் ஒற்றையரையும் சுமந்துவந்தார். அவருக்கும் வயது முப்பதைத் தொட்டிருந்தது. இந்த நிலையில் உயரமும் வலுவான சர்வும் கொண்டு, வலையை நோக்கி முன்னேறி ஆடத் தயங்காத ஓர் இளைஞர், அதிலும் புல்தரையை இந்தியாவின் பலமாக உலகத்துக்குக் காட்டிய குடும்பத்திலிருந்து வருகிறார் என்றால், அகில இந்திய டென்னிஸ் சங்கம் தயங்கியிருந்தால்தான் வியப்பு. போட்டியை நடத்தும் நாடே தரையைத் தேர்ந்தெடுக்கும் என்பதால், புல்லில் ஆடத் தெரிந்தவருக்கு இந்திய அணியில் எப்போதும் கூடுதல் மதிப்பு உண்டு.

நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் நடந்துவந்த அந்த நாட்களில் அவருக்கு வைல்டு கார்டு கிடைக்கும்போதெல்லாம் காலரியில் எழும் பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. 'விஜய் பையன் ஆடுறான்' என்றுதான் சொல்வார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்தச் சொற்றொடரில் அவர் பெயர் இல்லை. தவறான ஒரு வாலிக்கு (பந்து தரையில் படுமுன் அடிப்பது), 'அப்பாவாக இருந்தால் விட்டிருக்க மாட்டார்' என்று பக்கத்து இருக்கைப் பெரியவர் சொல்வார். தந்தை அதே மாதிரியான வாலியை எத்தனை முறை வலையில் அடித்திருப்பார் என்பது யாருக்கும் நினைவிருக்காது. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த இந்திய வம்சாவளிப் பையனாக மட்டும் இருந்திருந்தால் அவருக்குப் பெயர் மட்டுமே சுமையாக இருந்திருக்கும். சென்னையில் பெயர், ஊர், ஒரு தலைமுறையின் இளமை நினைவு என மூன்றும் சேர்ந்து அவர் தோளில் ஏறின. பூர்வீகத்துக்காக ஆடுவதன் இந்தப் பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. புதிய நாட்டில் ஒருவரை அவருடைய ஆட்டத்தை வைத்துத்தான் மதிப்பிடுவார்கள். பூர்வீக நாட்டில் அவர் பிறப்பதற்கு முன்பே அவரைப் பற்றிய மதிப்பீடு எழுதப்பட்டிருக்கும்.

அணிக்குள்ளும் அவர் விருந்தாளியாக நடத்தப்படவில்லை, விருந்தாளியாக நடந்துகொள்ளவும் இல்லை. 2008-இன் தொடக்கத்தில் பயஸின் தலைமைக்கு எதிராக அணியில் பெரும் பூசல் வெடித்தபோது, அவருக்குக் கீழ் ஆடமாட்டோம் என்று நின்ற நால்வரில் பூபதி, ரோகன் போபண்ணா, கரண் ரஸ்தோகி ஆகியோருடன் பிரகாஷும் இருந்தார். இதில் ஒரு குடும்ப வரலாறும் கலந்திருக்கிறது. விஜயின் குடும்பம் 1985-இல் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் திட்டத்தில்தான் கொல்கத்தாச் சிறுவன் பயஸ் பன்னிரண்டு வயதில் வந்து சேர்ந்து வளர்ந்தார். தன் தந்தையும் பாட்டியும் வளர்த்தெடுத்த வீரருக்கு எதிராகவே பிரகாஷ் கையெழுத்திட நேர்ந்தது. பூசலில் யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இந்திய டென்னிஸில் நியாயம் எப்போதும் இரண்டு மூன்று பங்காகப் பிரிந்தே கிடக்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து கொடிக்காக மட்டும் வந்து போகிறவர் உள்வீட்டுச் சண்டையில் பக்கம் எடுக்கமாட்டார் என்பதை மட்டும் சொல்லலாம்.

அதன் பிறகுதான் நியூபோர்ட். விம்பிள்டன் முடிந்த மறுவாரம் நடந்துவந்த அந்தப் போட்டி, வட அமெரிக்காவில் புல்லில் ஆடப்பட்ட ஒரே ஏடிபி போட்டி. விஜய் அதை 1976, 1980, 1984 என்று மூன்று முறை வென்றிருக்கிறார். தரவரிசையில் வெகு கீழே இருந்த மகன் ஒரே வாரத்தில் அதே இறுதிவரை வந்து நின்றபோது, எதிரே நின்ற சாந்தோரோவோ முந்தைய ஆண்டின் சாம்பியன். முப்பத்தைந்து வயதில், இருபுறமும் இரண்டு கைகளால் பந்தை வெட்டியும் சுழற்றியும் அனுப்பி, வேகத்தை நம்பி ஆடுபவர்களைத் தடுமாறச் செய்யும் கலைஞர். சர்வை நம்பி முன்னேறும் ஓர் இளைஞருக்கு அவரைவிட எரிச்சலூட்டும் எதிராளி கிடைத்திருக்க முடியாது. இரண்டாவது செட்டில் 5–5 வரை தாக்குப்பிடித்ததே பெரிது என்று நான் நினைக்கிறேன். பிரகாஷ் அதற்குப் பிறகு எந்த ஏடிபி ஒற்றையர் இறுதிக்கும் செல்லவில்லை.

செப்டம்பரில் இந்தியா டேவிஸ் கோப்பையின் மேல்தட்டான உலகப் பிரிவுக்கான தகுதிச் சுற்றில் ருமேனியாவிடம் புக்கரெஸ்டில் 4–1 என்று தோற்றது. டிசம்பரில் ஆணை வந்தது. எம்.எஸ். கில் அப்போது விளையாட்டு அமைச்சர்.

சட்டத்தின்படி பார்த்தால் அமைச்சகம் தவறு செய்ததாகச் சொல்ல முடியாது. வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடிமகனாகத் தொடர முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவே சொல்கிறது. 2005 முதல் வழங்கப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டையின் பெயரில் குடியுரிமை இருந்தாலும் அது குடியுரிமை அல்ல. அதை வைத்திருப்பவர் விசா இல்லாமல் வந்து போகலாம், வீடு வாங்கலாம். வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது, பொதுவாக அரசுப் பணியில் சேர முடியாது. இந்த வரிசையில் தேசிய அணியும் சேர்ந்துகொண்டது. ஸ்குவாஷ் வீரர் ஒருவர் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றபோது, 2010-இல் நீதிமன்றமும் அரசின் முடிவில் தலையிட மறுத்தது. என் மனத்தாங்கல் ஆணையின் சட்டத் தகுதியைப் பற்றியதன்று. ஐந்தாண்டுகள் அழைத்து, ஆடவைத்து, தோல்விக்குத் திட்டவும் செய்துவிட்டு, பிறகு ஒரு கடிதத்தின் மூலம் முடித்துக்கொண்ட முறையைப் பற்றியது. அமெரிக்காவில் வளர்ந்த சுனிதா ராவ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சானியா மிர்சாவுடன் இணைந்து இந்தியாவுக்காக ஆடி முடித்து ஏறக்குறைய நான்கு மாதங்களே ஆகியிருந்தன. மும்பையில் பிறந்து நியூ ஜெர்சியில் வளர்ந்த ஷிகா ஓபராயின் பெயரும் அதே செய்திகளில் வந்தது. இவர்களுக்கு ஒரு மாறுதல் காலம், ஒரு விதிவிலக்கு, அல்லது குறைந்தபட்சம் ஒரு நன்றி தெரிவிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எதிர்ப்புப் பெரிதாக எழாததற்கு ஒரு காரணம் உண்டு. ஆணை வந்த சில நாட்களிலேயே, 2009 ஜனவரியில், சென்னை ஓப்பன் இறுதிக்கு சோம்தேவ் தேவ்வர்மன் வந்து நின்றார்; மாரின் சிலிச்சிடம் தோற்றாலும் ஒரே வாரத்தில் நாடறிந்தவரானார். அதே மாதம் யூகி பாம்ப்ரி ஆஸ்திரேலிய ஓப்பன் இளையோர் பட்டத்தை வென்றார். ஒற்றையருக்கு ஆள் இல்லை என்ற பழைய புலம்பல் சட்டென்று நின்றது. பிரகாஷ் தன் மிக உயர்ந்த தரவரிசையை 2009-இல்தான் எட்டினார் என்பதைக் கவனிக்க அப்போது எவருக்கும் நேரமில்லை. பிறகு காயங்கள் வந்தன. ஆட்டம் மெல்லத் தேய்ந்தது.

சோம்தேவைச் சொன்னதும் அவருடைய கல்லூரித் தோழர் டிரீட் ஹ்யூயியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருவரும் வர்ஜீனியா பல்கலைக்கழக அணியில் ஒன்றாக ஆடியவர்கள். ஹ்யூயி வாஷிங்டனில் பிறந்தவர். தாய்வழிப் பூர்வீகமான பிலிப்பைன்ஸுக்காக ஆடினார், இரட்டையரில் உலகின் முதல் இருபது பேருக்குள் வந்தார். அவருக்கு முன்பே லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த செசில் மாமிட்டும் அமெரிக்கக் கொடியின் கீழ் ஆடியபின் பிலிப்பைன்ஸுக்கு வந்திருந்தார். 2003-இல் பிலிப்பைன்ஸ் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கும் சட்டம் இயற்றியதால் இவர்களைப் போன்றோருக்குப் பாதை எளிதாயிற்று. கடல்கடந்த தன் மக்களின் வருமானத்தில் பெரும்பங்கு வாழும் நாடு அது. அவர்களுடைய பிள்ளைகளை அந்நியர் என்று சொல்ல அதற்கு மனம் வரவில்லை. இந்தியாவும் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் உலகிலேயே முன்னணியில் நிற்கும் நாடுதான். ஆனாலும் இரட்டைக் குடியுரிமையை மறுக்க அதற்குப் பிரிவினைக் காலத்திலிருந்து தொடரும் வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றை டென்னிஸுக்காக மாற்ற வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு அசட்டுத் துணிச்சல் இல்லை.

மறுபக்கத்தில் ராஜீவ் ராம் இருக்கிறார். பெங்களூருவிலிருந்து சென்ற பெற்றோருக்கு டென்வரில் பிறந்து, இந்தியானா மாநிலத்தின் கார்மலில் வளர்ந்தவர். பிரகாஷைவிட சில மாதங்களே இளையவர். அவர் அமெரிக்காவிலேயே நின்றார். பிரகாஷ் இறுதியில் தோற்ற மறுவருடம், அதே நியூபோர்ட்டில், தகுதிச் சுற்றில் தோற்றும் வேறொருவர் விலகியதால் உள்ளே வந்து, பட்டத்தையே வென்றார் ராம். 2016 ரியோ ஒலிம்பிக்கின் கலப்பு இரட்டையர் அரையிறுதியில் சானியாவும் போபண்ணாவும் முதல் செட்டை வென்றபின் தோற்றார்களே, அவர்களைத் தோற்கடித்து வெள்ளிக்குச் சென்ற ஜோடி வீனஸ் வில்லியம்ஸும் ராஜீவ் ராமும்தான். அன்றிரவு 'இவர் நமக்கு ஆடியிருக்கலாமே' என்று எத்தனை பேர் எழுதினார்கள்! பிற்பாடு இரட்டையரில் உலகின் முதலிடத்துக்கும் வந்தார். 2024 பாரிஸில் இன்னொரு வெள்ளி. ஆனால் அமெரிக்க டேவிஸ் கோப்பை அணியில் இடம்பெற முப்பது வயதைக் கடந்து வெகுகாலம் காத்திருந்தார். பிரகாஷுக்குப் பத்தொன்பதில் கிடைத்தது அது. ஐந்து செட் ஆட்டத்தில், சொந்த ஊரார் பெயர் சொல்லிக் கத்த, பெஞ்சில் சக வீரர்கள் எழுந்து நிற்க ஆடும் அனுபவத்தைத் தனியாளாக அலையும் டென்னிஸ் வீரர்கள் எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்பது அவர்களுடைய பேட்டிகளை வாசித்தவர்களுக்குத் தெரியும். பட்டங்களை வைத்து அளந்தால் ராஜீவ் எட்டாத உயரத்தில் இருக்கிறார். இருவரில் தவறாகத் தேர்ந்தவர் யார் என்று கேட்டால், இருவருமே இல்லை என்பேன். ராஜீவுக்கு இந்தியா தேவைப்படவில்லை. பிரகாஷுக்குத் தேவைப்பட்டது, இந்தியாவுக்கும் அவர் தேவைப்பட்டார்; அந்தத் தேவை இருந்தவரை இரு தரப்பும் நேர்மையாகவே நடந்துகொண்டன.

பிரகாஷ் இப்போது அமெரிக்காவின் டென்னிஸ் சேனலில் தொகுப்பாளர். ஒருகாலத்தில் விஜயின் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரலின் சாயல் உடனே பிடிபடும். 2024 ஜூலையில் நியூபோர்ட்டில் உள்ள சர்வதேச டென்னிஸ் புகழ்க்கூடத்தில் விஜயும் பயஸும் ஒரே மேடையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல் ஆசிய ஆண்கள் அவர்கள் இருவரும்தான்.

2025-இல் ஒன்றிய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட புதிய தேசிய விளையாட்டுக் கொள்கை, வெளிநாடுகளில் வாழும் இந்திய வம்சாவளி வீரர்கள் இந்தியாவுக்காக ஆட ஊக்குவிக்கப்படலாம் என்று பேசுகிறது. எல்லோர் வாயிலும் உடனே வந்த பெயர்களில் ஒன்று நிஷேஷ் பசவரெட்டி. நெல்லூர்ப் பூர்வீகம், கலிபோர்னியாவில் பிறந்து, ராஜீவ் ராமின் அதே கார்மலில், அவருடைய வழிகாட்டலில் வளர்ந்தவர். 2025 ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில் ஜோகோவிச்சிடமிருந்து முதல் செட்டைப் பறித்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. சட்டம் மாறாதவரை இந்தியாவுக்காக ஆட அவர் அமெரிக்கக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேலும், இன்றைய விதிகளின்படி டேவிஸ் கோப்பையில் ஒரு நாட்டுக்காக ஆடிவிட்டால் இன்னொரு நாட்டுக்கு மாற முடியாது. அவருடைய இடத்தில் இருந்தால் நான் கையெழுத்திட மாட்டேன். 154-ஆம் இடத்தில் தேங்கி நிற்கும் இன்னொரு இளைஞராக இருந்தால், முதலில் ஆணையை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு யோசிப்பேன்.